பார்க்காத பாதி

வருஷக் கடைசி என்பது நம் தேசத்தில் ஒரே தடவை வந்து போய்விடுகிற சமாசாரம் அல்ல. டிஸம்பர் மாதத்தில் ஒன்று வருகிறது. பங்குனி மாதத்தில் இன்னொன்று வருகிறது. இரண்டுக்கும் நடுவில், மார்ச்சு மாதம் 31-ந் தேதி, சர்க்கார் கணக்கு முடிக்கும் வருஷக் கடைசி ஒன்றும் உண்டு. ஆனால் அந்த மூன்றாவதை நினைத்து யாராவது சந்தோஷப்பட்டதாக நாம் இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆகையால் அதை விட்டுவிடுவோம்.

பங்குனிக் கடைசியில் நாம் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வரப்போகிற வருஷத்தைப் பார்க்கிறோம். டிஸம்பர்க் கடைசியிலோ போன வருஷத்தைத் திரும்பிப் பார்க்கிறோம். அதிலும் என்ன சம்பாதித்தோம், என்ன செலவழித்தோம் என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, என்ன பார்த்தோம், என்ன கேட்டோம், எதைக் கண்டு சிரித்தோம் என்று கணக்குப் பார்ப்பதில் ஜனங்களுக்கு ஓர் அலாதி உற்சாகம் இருக்கிறது. பத்திரிகைகளில் “இவ்வருஷத்தின் சிறந்த பத்துப் படங்கள்” என்று பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் தம்முடைய படம் இல்லையே என்று பதினோராவது மனிதர் கோபித்துக்கொள்கிறார்.

சென்னைப் பட்டணத்தில் இந்த மாதம் சங்கீத மாதமாகவும் இருக்கிறது. குளிர் காலத்தில் தொண்டை நன்றாக இருக்கும் என்றுதான் டிஸம்பரில் கச்சேரிகளை வைத்தார்களோ என்று இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டார். பாடகர்களைக் கேட்டால் இதற்கு நேர் எதிரான பதில் வரும்! உண்மைக் காரணம் வேறு. 1927-ம் வருஷம் டிஸம்பர் மாதத்தில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அதை ஒட்டி ஓர் அகில இந்திய சங்கீத மகாநாடும் நடந்தது. அதன் பயனாக மறு வருஷம், 1928-ல், சங்கீத வித்வத் சபை உதயமாயிற்று. சுதந்திரம் வந்த பிற்பாடு சாவகாசமாகப் பாடிக்கொள்ளலாம் என்று அன்றைக்கு இருந்த பெரியவர்கள் சங்கீதத்தை ஒத்திப் போடவில்லை. நல்ல வேளை!

நிற்க. நாம் இந்த வாரம் சொல்ல வந்தது சங்கீத சபைகளைப் பற்றி அல்ல; நம் சொந்த வீட்டில் நடந்த ஒரு சபையைப் பற்றி.

அரையாண்டுப் பரீட்சை விடுமுறைக்காகக் குழந்தை குட்டிகளெல்லாம் நம் தாயார் இருக்கும் பழைய வீட்டில் கூடியிருந்தார்கள். வீடு மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. (மாயவரத்துக்கு 1982 முதல் மயிலாடுதுறை என்று பெயர். தாயாரின் நாவில் மட்டும் அது இன்னமும் மாயவரந்தான்.) தாயாருக்கு வயது 83. நம் தமக்கையார் குடும்பம் அவருடன் இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையாகப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு தமக்கையின் பெண் ஒரு விளையாட்டை ஏற்பாடு செய்தாள். ஒவ்வொருவரும் தம் ஆயுளில் பார்த்த வேடிக்கைகளுக்குள்ளே மிகவும் பிடித்தது எது என்று ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதை யாரோடு பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சிறுவர்கள் சொன்னதில் பாதி நமக்கு விளங்கவில்லை. கொரியா தேசத்து நாடகத் தொடர் ஒன்றை ஒரு பெண் சொன்னாள். யாரோடு பார்த்தாய் என்றதற்கு, “தனியாகத்தான், போர்வைக்குள்ளே” என்றாள். தமக்கையார் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ என்றார். அந்தப் படம் வெளிவந்தது 1959-ல். தமக்கையார் பிறந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. ஆனால் டூரிங் டாக்கீஸ்களில் பழைய படம் என்றும் புதிய படம் என்றும் பேதம் கிடையாது. படம் பார்த்த மறுநாள் முதல் தெருப் பிள்ளைகளெல்லாம் தென்னை மட்டையைக் கத்தியாக வைத்துக்கொண்டு ஜாக்ஸன் துரையைத் தேடி அலைந்ததை அவர் வெகு விஸ்தாரமாக வர்ணித்தார்.

நம்முடைய முறை வந்தது. நாம் ‘திருவிளையாடல்’ என்று சொன்னோம். ஆனால் பார்த்ததைச் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னோம். நம் பிள்ளைப் பிராயத்தில் எந்தக் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கியில் அந்தப் படத்தின் வசன இசைத்தட்டைப் போடுவார்கள். நாகேஷ் தருமியாகப் புலம்புவதும், சிவாஜி கணேசன் சிவபெருமானாக அதட்டுவதும் நாலு தெருவுக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ரேடியோவில் ‘ஒலிச்சித்திரம்’ என்று ஒரு முழுப் படத்தைச் சுருக்கி ஒரு மணி நேரம் காதால் பார்க்க வைப்பார்கள். படத்தைக் கண்ணால் காண்பதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே வசனம் நமக்கு மனப்பாடம். காதாலேயே படம் பார்த்த வித்தையில் நமக்கு நிகர் யாரும் இல்லை என்று கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டோம். அந்தப் பெருமைக்கு ஆயுள் ஐந்து நிமிஷந்தான்.

“பாட்டி, நீ சொல்லு. உனக்கு எது பிடித்தது?” என்று தமக்கையின் பெண் கேட்டாள்.

தாயார் சற்றுக்கூட யோசிக்கவில்லை. “தில்லானா மோகனாம்பாள், முதல் பாதி” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நல்ல விமர்சகர் கிடைத்துவிட்டார் என்று நினைத்தோம். பத்திரிகைக்காரர்களில் எத்தனை பேருக்கு இப்படி அளவாகப் புகழத் தெரியும்?

“ஏன் பாட்டி, பின்பாதி நன்றாக இல்லையா?”

“நான் பார்க்கவில்லையே, கண்ணு! பார்த்தால்தானே நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லலாம்?”

இங்கே வாசகர்களுக்கு அந்தக் காலத்துக் கீற்றுக் கொட்டகையைப் பற்றிச் சில விவரங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரிலிருந்து இரண்டு மைல் தூரத்தில், அறுவடையான வயலுக்குப் பக்கத்தில், தென்னங்கீற்று வேய்ந்த டூரிங் டாக்கீஸ் ஒன்று இருந்தது. பொழுது சாய்ந்ததும் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு ஒன்று வைப்பார்கள். அது கேட்டவுடன் சுற்றுப்புறத்து ஊர்களில் சமையல் வேகம் பிடிக்கும். அந்தப் பாட்டு நிற்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. உள்ளே நாற்காலி கொஞ்சம், பெஞ்சு கொஞ்சம், மீதியெல்லாம் தரை. தரை என்றால் ஆற்று மணல். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்காருவோம். பின்னால் இருப்பவர் அதைவிடப் பெரிய மேடு கட்டுவார். படம் முடிகிற சமயத்தில் கொட்டகைக்குள் ஒரு சிறு மலைத்தொடரே எழும்பியிருக்கும்.

படம் காட்டும் யந்திரம் ஒன்றே ஒன்று. சுருள் மாற்றுவதற்காக அடிக்கடி விளக்கைப் போட்டுவிடுவார்கள். பட்டணத்துக் கொட்டகையில் ஓர் இடைவேளை என்றால் எங்கள் கொட்டகையில் மூன்று நான்கு. முறுக்கு விற்கிறவர்களுக்கு யோகம்! எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் இது: தரையில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு குட்டைச் சுவர். குடும்பத்தோடு சினிமாவுக்குப் போனோம் என்று சொல்லுவோமே தவிர, புருஷன் ஒரு படத்தையும் மனைவி ஒரு படத்தையும் பார்த்துவிட்டு வாசலில் சந்தித்துக்கொண்டார்கள் என்பதே சரி.

ஏ. பி. நாகராஜன் இயக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’ வெளியானது 1968-ல். எங்கள் கொட்டகைக்கு அது வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தாயாருக்கு அந்தப் படத்தில் இருந்த ஆசை சாதாரணமானதல்ல. கொத்தமங்கலம் சுப்பு அவர்கள் ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் அந்தக் கதையைத் தொடராக எழுதியது 1950-களின் பிற்பகுதியில். அப்போது தாயார் பாவாடை தாவணி உடுத்திய பெண். வாரம் வந்தால் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் அண்ணன்மாரிடமிருந்து அதைக் கைப்பற்றுவதே பெரிய யுத்தம். கோபுலு அவர்கள் வரைந்த மோகனாவும் சண்முகசுந்தரமும் அவர் மனத்தில் அப்படியே பதிந்துவிட்டார்கள். கதைப் பக்கங்களை வெட்டித் தைத்து வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்தபோது அந்தக் கட்டும் சீரோடு சேர்ந்து வந்தது. எந்த மழைக்காலத்தில் அது கரையானுக்கு இரையாயிற்று என்று இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஆசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. தாயார் பிறந்த ஊர் திருவாவடுதுறைக்கு அருகே இருக்கிறது. திருவாவடுதுறை என்றால் ராஜரத்தினம் பிள்ளை. 1956-ல் அவர் காலமாவதற்கு முன்னால் ஏதோ ஓர் உற்சவத்தில், நடுநிசிக்கு மேல், தம் தகப்பனாரின் மடியில் உட்கார்ந்துகொண்டு அவருடைய தோடியைக் கேட்டதாகத் தாயார் சொல்லுவார். தோடி என்பது பிற்பாடு யாரோ சொல்லித் தெரிந்தது; அன்றைக்குத் தெரிந்தது தூக்கம் வரவில்லை என்பது மட்டுந்தான். ஆகவே நாதஸ்வரக்காரர் ஒருவர் கதாநாயகர் என்றால் அது அவருக்கு ஊர்க் கதை. சிக்கலும் திருவாரூரும் அவருக்குப் பக்கத்து ஊர்கள்.

அப்படிப்பட்ட படத்தைப் பார்க்கப் போனார்கள். தகப்பனார் சுவருக்கு அந்தப்புறம். இந்தப்புறம் தாயார், ஆறு வயதுத் தமக்கை, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. முதல் பாதி வெகு அமர்க்களமாகப் போயிற்று. நாகேஷின் வைத்தியும் பாலையாவின் தவிலும் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியும் வந்து கொட்டகையைக் குலுக்கிவிட்டார்கள். நாதஸ்வரக்காரர்மேல் கத்தி பாய்ந்தது. அவ்வளவுதான், கைக்குழந்தை வீல் என்று அலற ஆரம்பித்தது.

அந்தக் கைக்குழந்தை நாமேதான். இந்தப் பகுதியில் நாம் எப்போதும் ‘நாம்’ என்று எழுதுவது வழக்கமாகையால், வாசகர்களும் சேர்ந்து அழுததாக அர்த்தமாகிவிடப் போகிறது. அப்படி இல்லை. வாசகர்களுக்கு அந்த அழுகையில் யாதொரு பங்கும் கிடையாது.

பக்கத்தில் இருந்தவர்கள், “வெளியே தூக்கிக்கொண்டு போ, அம்மா!” என்றார்கள். தாயார் தூக்கிக்கொண்டு போனார். கொட்டகைக்குப் பின்னால் கீற்றுத் தட்டியை ஒட்டினாற்போல் நின்றுகொண்டு நம்மைத் தோளில் போட்டுத் தட்டினார். உள்ளே பேசுவது முழுவதும் கேட்டது, பார்க்கத்தான் முடியவில்லை. தட்டியில் ஓட்டை இருந்ததா என்று தமக்கையின் பெண் கேட்டாள். இருந்ததாம். ஆனால் அதன் வழியாகத் தெரிந்தது ஜனங்களின் முதுகு மட்டும்.

“கத்திக் குத்துப்பட்டு எழுந்து வந்தவரைப் பார்த்து அவள் பாட்டிலேயே க்ஷேமம் விசாரிக்கிறாளே, அந்தப் பாட்டு வந்தது. சுசீலா குரல். நான் வயல் பக்கம் திரும்பி நின்று கேட்டேன். நல்ல பனி. உன் மாமன் தலையில் முந்தானையைப் போட்டு மூடினேன்” என்று தாயார் தம் பேத்தியிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. நேற்று நடந்ததைச் சொல்லுகிற மாதிரி சொன்னார்.

அப்போது தமக்கையார் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டார். விளக்குப் போட்ட சமயத்தில் தகப்பனார் குட்டைச் சுவருக்கு மேலாக இரண்டு கடலைப் பொட்டலங்களை நீட்டினாராம். ஒன்று அம்மாவுக்கு. அம்மா அங்கே இல்லை. “இரண்டையும் நான்தான் தின்றேன். அம்மா எங்கே என்று அப்பா கேட்கவில்லை. கூட்டத்தில் எங்கேயோ இருப்பதாக நினைத்துக்கொண்டார்” என்றார் தமக்கையார். ஐம்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு வெளிவந்த இந்த வாக்குமூலத்தைக் கேட்டுத் தாயார் விழுந்து விழுந்து சிரித்தார்.

வீடு திரும்புகையில் தகப்பனார் இரண்டு மைல் தூரமும் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாராம். அவர் ஆரம்பப் பள்ளிக்கூடத்து ஆசிரியர். எதையும் மறுபடி ஒரு தடவை சொல்லிக் காட்டினால்தான் அவருக்குத் திருப்தி. இந்த இடத்தில் சிவாஜி பார்த்த பார்வையைக் கவனித்தாயா, அந்த இடத்தில் பத்மினியின் அபிநயத்தைக் கவனித்தாயா என்று கேட்டுக்கொண்டே லாந்தரைப் பிடித்து முன்னால் நடந்தார். தாயார் பின்னாலிருந்து, “ஆமாம், நன்றாக இருந்தது” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

“அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே, அம்மா?” என்று நாம் கேட்டோம். குரல் நமக்கே சரியாக எழும்பவில்லை. 1996-ல் கண்ணை மூடிய நம் தகப்பனார், தாம் பார்த்த படத்தையெல்லாம் தம் மனைவியும் பார்த்தாள் என்று நம்பிக்கொண்டே போய்விட்டார். அவர் கொடுமைக்காரர் அல்ல. அந்தக் காலத்தில் மனைவியைச் சினிமாவுக்கு அழைத்துக்கொண்டு போனதற்காக ஊரில் பரிகாசத்துக்கு உள்ளானவர். சுவர் மட்டும் இல்லாதிருந்தால் குழந்தையை ஒரு தடவையாவது தாம் வாங்கிக்கொண்டிருப்பார் என்று நினைக்க நமக்கு ஆசையாக இருக்கிறது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

‘தியாகம்’ என்ற வார்த்தை நம் நாக்கு நுனிவரையில் வந்துவிட்டது. பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்குத் தாயாரைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த வார்த்தை தானே வந்து நிற்கும். அதற்குள் தாயார் பதில் சொல்லிவிட்டார்.

“சொன்னால் என்ன ஆகும்? ‘குழந்தை பெரியவனாகட்டும், அப்புறம் போகலாம்’ என்பார். இவன் பெரியவனானால் அடுத்தது வந்துவிடும். உள்ள பாதியும் போய்விடுமே! அதற்காகத்தான் வாயைத் திறக்கவில்லை.”

இதில் தியாகம் எங்கே இருக்கிறது? இது வியாபாரம்! முழுசுக்கு வழியில்லாத இடத்தில் பாதியைப் பத்திரப்படுத்திக்கொண்ட சாமர்த்தியம். நாம் வார்த்தையை விழுங்கிவிட்டோம்.

பிறகு தமக்கையாரும் நாமும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். குழந்தைகள் நாங்கள் நால்வர். முதலாவது பிறந்தது 1963-ல், கடைசி 1975-ல். அந்தப் பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்தில் தாயாரின் இடுப்பு காலியாக இருந்த நாட்கள் சொற்பம். பார்த்த படங்கள் எல்லாமே பாதிதான். சிலவற்றுக்கு முதல் பாதி. தமக்கை பள்ளிக்கூடத்தில் நாடகம் என்று நேரங்கழித்துக் கிளம்பிய சிலவற்றுக்குப் பின்பாதி. “ஒரே ஒரு படத்துக்கு நடுப்பாதி” என்றார் தாயார். கணக்கு வாத்தியார் யாராவது இருந்தால் அதை விளக்கட்டும்.

சினிமாக் கொட்டகைதான் இப்படி, வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட டெலிவிஷன் எப்படி என்று கேட்டால், அது இன்னும் மோசம். சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975-ல் ஆரம்பித்தாலும், எங்கள் தெருவுக்கு முதல் பெட்டி வந்தது வெகு காலம் கழித்து. அது எங்கள் வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைப் படத்துக்கு அரைத் தெரு எங்கள் கூடத்தில் இருந்தது. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும், நடுவில் செய்திகள் வரும் நேரத்துக்குள் சோறு வடிப்பதும் தாயார் பொறுப்பு. அடுப்பங்கரையிலிருந்து, “இப்போது யார் பேசுகிறது?” என்று கேட்பார். நாங்கள் திரும்பிப் பார்க்காமலே, “உஸ்!” என்போம். அந்த ‘உஸ்’ இப்போது நம் காதில் கேட்கிறது.

அன்றிரவே ஒரு தீர்மானம் நிறைவேறிற்று. பிரேரேபித்தவள் தமக்கையின் பெண். எதிர்ப்பு யாரும் இல்லை. மறுநாள் மாலையில் ‘தில்லானா மோகனாம்பாள்’ முழுவதையும் பெரிய டெலிவிஷன் பெட்டியில் போட வேண்டியது; தாயார் சாய்வு நாற்காலியிலிருந்து எதற்காகவும் எழுந்திருக்கக் கூடாது; சமையல் பொறுப்பு ஆண்களுடையது. உப்புமாக் கிளறும் உத்தியோகத்தைத் தமக்கையின் மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். உப்புமாவைப் பற்றி இங்கே எழுதுவது உசிதமல்ல.

படம் ஆரம்பமாயிற்று. ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம். இப்போதைய பிள்ளைகளுக்கு அது ஒரு யுகம். அரை மணியானதும் ஒரு பையன் செல்பேசியை எடுத்தான். அவனுடைய தாயார் பிடுங்கி உறியில் வைக்காத குறையாக அலமாரியின் மேல் வைத்தாள். ஆனால் நாதஸ்வரம் ஆரம்பித்ததும் அந்தப் பையனே நிமிர்ந்து உட்கார்ந்தான். வாசிப்பது சிவாஜி அல்ல, மதுரை சேதுராமன் – பொன்னுச்சாமி சகோதரர்கள் என்று சொன்னோம். அவன் நம்பவில்லை. கன்னம் உப்புவதையும் விரல் ஓடுவதையும் காட்டி, “இவர்தான் வாசிக்கிறார்” என்று சாதித்தான். நடிகருக்கு இதைவிடப் பெரிய பட்டம் யார் கொடுக்க முடியும்?

தாயார் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்கூட்டியே சிரித்தார். வைத்தி வருவதற்கு முன்னாலேயே, “இதோ வருகிறான் பார்!” என்றார். முதல் பாதியை அவர் எத்தனை தடவை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.

கத்தி பாய்ந்தது.

அந்த நிமிஷத்தில், நாம் கற்பனை செய்து எழுதுகிறோம் என்று வாசகர்கள் நினைத்தாலும் நினைக்கட்டும், தமக்கையின் பெண்ணுடைய பத்து மாதக் குழந்தை விழித்துக்கொண்டு அலற ஆரம்பித்தது. உப்புமாக்காரருக்குக் கை ஒழியவில்லை. பெற்றவள் எழுந்திருக்கப் போனாள். அவளுக்கு முன்னால் தாயாரின் இரண்டு கைகளும் சாய்வு நாற்காலியின் சட்டத்தை ஊன்றிவிட்டன. 83 வயதுக் கைகள்! படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கைகள் மட்டும் தாமாகவே எழுந்திருக்கப் பார்த்தன.

நாம் குழந்தையைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டோம்.

மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தையின் தலையில் நம் மேல்துண்டைப் போட்டு மூடினோம். குழந்தை தோளில் கொஞ்ச நேரம் அடங்கும். நாம் ஜன்னல் பக்கம் நகர்ந்தால் மறுபடி ஆரம்பிக்கும். ஜன்னல் வழியாகத் தெரிந்தது தாயாரின் பின்னந்தலையும் அதற்கப்பால் மாறி மாறி விழும் வெளிச்சமுந்தான். கே. வி. மகாதேவனின் இசையும் கண்ணதாசனின் பாட்டும் சுவரைத் தாண்டித் தெளிவாகக் கேட்டன. அந்தப் படத்தை நாம் முன்பு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். ஆனாலும் காதால் மட்டும் பார்க்கும்போது அது வேறு படமாக இருந்தது. யார் உள்ளே வந்தார்கள், யார் தலை குனிந்தார்கள் என்பதையெல்லாம் நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

உள்ளே நடந்ததைத் தமக்கையின் பெண் பிற்பாடு சொன்னாள். க்ஷேமம் விசாரிக்கும் அந்தப் பாட்டு வந்ததும் பாட்டி கண்ணை மூடிக்கொண்டுவிட்டாராம். தூங்கிவிட்டாரோ என்று பயந்து, “பாட்டி, கண்ணைத் திற! இதைத்தானே நீ பார்க்கவில்லை?” என்று தட்டினாளாம்.

“இது எனக்குத் தெரிந்த இடம், கண்ணு. தெரியாத இடம் வந்தால் திறக்கிறேன்” என்றாராம் பாட்டி. அவள் சொல்வதைப் பார்த்தால், பாட்டு முடிகிற வரையில் பாட்டியின் வலது கை நாற்காலிச் சட்டத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. அது தாளத்துக்காகத் தட்டியதா, வேறு எதற்காகவோ தட்டியதா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். நாம் வாசற்படி அருகில் வந்து நின்றோம். எல்லோரும் தாயாரின் முகத்தையே பார்த்தார்கள். ஐம்பத்தைந்து வருஷத்துக் கடனைத் தீர்த்துவிட்ட தோரணையில், பெரிய வார்த்தை ஒன்றை எதிர்பார்த்துக் கூடமே காத்திருந்தது.

“மகாராஜாவை நான் இன்னும் கொஞ்சம் உயரமாக நினைத்திருந்தேன். குரலை வைத்து நம்பியார் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் உயரமாகத்தான் வைத்திருந்தேன்” என்றார் தாயார். சற்று யோசித்துவிட்டு, “மோகனா சரியாக இருக்கிறாள். கோபுலு போட்ட மாதிரியேதான்” என்றார்.

பிறகு தலையைத் திருப்பி நம்மைப் பார்த்தார்.

“நீ எங்கேடா போய்விட்டாய் நடுவிலே? கடைசிக் கட்டம் எப்படி இருந்தது, பார்த்தாயா?”

“ஆமாம் அம்மா, நன்றாக இருந்தது” என்றோம். குழந்தை அப்போதுதான் நம் தோளில் தூங்க ஆரம்பித்திருந்தது.